இடம் சரியில்ல

‘ஆனா’ன்னா என்னங்கம்மான்னு கேட்டுட்டீங்க. நல்ல கேள்விங்கண்ணா. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. என்ற கொழுந்தனாரு மோகனசுந்தரத்துக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு விசாரிக்க வந்தவங்க, "நல்ல பையன் தானுங்க, ஆனா..."ன்னு நான் இழுத்ததும் டம்ளரக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. மீதிய அவங்களே போட்டுக்குவாங்க. நான் ஒரு பொய் சொன்னதில்லீங்க. நீங்க என்னடான்னா சேர இழுத்துப் போட்டு உக்காந்துட்டீங்க.

உக்காருங்க, உக்காருங்க. பொண்ணுக்குத் தாய்மாமன்ங்கறீங்க. தாய்மாமன் கேட்டா சொல்லித்தான் ஆகணும். பொண்ணோட வாழ்க்கையாச்சே. அந்த மிசின் மேல மட்டும் உங்க பேனாவ வெக்காதீங்கண்ணா, உருண்டு விழுந்துரும். அதுவும் அவன் பண்ணுன வேலைதான். வரிசையாச் சொல்றேன் கேளுங்க.

நான் கலாமணி. எங்கூட்டுக்காரரு பாலதண்டபாணிக்கு அவன் ஒரே தம்பி. நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப மோகன் எட்டாவது படிச்சிட்டிருந்தான். மாமியா இல்லாத ஊடு. பையன் டிபன் பாக்ஸ்ல பழைய சோத்த அடைச்சிட்டுப் போயிட்டிருந்தான். அன்னைலருந்து அவனுக்கு ஆக்கிப் போட்டது இந்தக் கைதானுங்க. காய்ச்சல்னா பக்கத்துல உக்காந்தது நான். பத்தாவதுல கணக்குல தேறலைன்னு மோட்டார் ரூமுக்குள்ள போயி அழுதவன இழுத்துட்டு வந்து சோறு போட்டது நான். எனக்குக் கொழந்த இல்லீங்க. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. சும்மா ஒரு வெவரத்துக்குச் சொன்னேன்.

அப்பறம் இந்த லேசர் மிசின் போட்டோம். இந்தக் கணபதி ஏரியால மொத மொத மேடைக்குப் பேரு வெட்டிக் குடுத்தது நாங்கதான்னு சொல்லுவாங்க, விசாரிச்சுப் பாருங்க. ஊட்டு வாசல்ல மாட்டற பேர்ப் பலகை, கல்யாண மேடைல மாப்பிள்ளை பொண்ணு பேரு, அக்ரிலிக்ல கோயில் மணி மாதிரி, மயில் மாதிரி. அவரு ஆர்டர் புடிப்பாரு, நான் படம் போட்டுக் குடுப்பேன், மோகன் வெட்டுவான். மூணு பேரும் ஒரே சட்டில சாப்புட்டோம்.

இந்த மிசினப் பத்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இல்லீன்னா மீதி புரியாது. நீங்க பம்ப் கம்பெனில இருந்தவருங்கறீங்க, டக்குனு புடிச்சுக்குவீங்க. பின்னாடி நீளமாத் தெரியுது பாருங்க, அது டியூப். அதுலருந்து கதிர் வரும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு கண்ணாடில பட்டுத் திரும்பி, இன்னொரு கண்ணாடில பட்டுத் திரும்பி, மூணாவதுல பட்டு நேராக் கீழ எறங்கி வெட்டும். அந்தக் கண்ணாடிக ஒரு நூல் பிசகுனாப் போதும், இந்தப் பக்கம் பூவாட்டமா வெட்டும், அந்தக் கோடிக்குப் போச்சுன்னா கருக்கி விட்டுட்டு நிக்கும். அதச் சரி பண்றதுக்குப் பேரு அலைன்மென்ட். கண்ணாடிக்கு முன்னாடி பேப்பர் டேப்ப ஒட்டி, ஒரு பொட்டு சுடணும். இங்க ஒரு பொட்டு, அங்க கொண்டு போயி ஒரு பொட்டு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா சரி. விலகுனா ஸ்க்ரூவத் திருப்பணும். மோகன் அத ஒரு டீ ஆறறதுக்குள்ள பண்ணிருவான். கை அப்பிடிங்க. அதுல நான் கொற சொல்ல மாட்டேன்.

அப்பிடிப்பட்டவன் சித்திரை ஒண்ணாந்தேதி, நான் எலைல பாயசம் ஊத்திட்டிருக்கேன், "அண்ணி, நான் தனியா ஒரு மிசின் போடலாம்னு இருக்கேன்"ங்கறான். நான் கரண்டியப் பாத்திரத்துலயே போட்டேன். ஏன்டான்னா, புரோக்கர் சொல்றாராம், அண்ணன் கடைல வேலை பாக்கற பையனுக்கு ஒருத்தரும் பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்களாம். வயசு முப்பத்தஞ்சு ஆச்சாம். சொந்தத் தொழில்னு சொன்னாத்தான் சாதகமே வாங்கறாங்களாம். எல்லாம் எனக்கும் தெரியுமுங்க. நம்ம பக்கம் பொண்ணுக்கு எவ்வளவு பஞ்சம்னு தெரியாதா? நானுந்தான் அவனுக்காகக் கோயில் கோயிலா வெளக்குப் போட்டேன். அதுக்காக? பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாடியே தனிக்குடித்தனம் போற ஆம்பளைய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

சண்டை போட்டானான்னு கேக்கறீங்களா? இல்ல. அதுதான் எனக்கு ஆத்திரம். சண்டை போட்டிருந்தா நாலு வார்த்த நானும் கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். சாமான் ஒண்ணும் எடுத்துக்கல. பாகம் கேக்கல. கடை தெறக்கறதுக்கு மொத நாள் வந்து என்ற கால்ல விழுந்து, "நீங்கதான் அண்ணி வந்து சுச்சுப் போடணும்"ங்கறான். எவ்வளவு திமிரு பாருங்க. விட்டுட்டுப் போறதுக்கு என்ற கையாலயே சுச்சு வேற போடணுமாம். தலைவலின்னுட்டு ஊட்டுக்குள்ள போயிப் படுத்துட்டேன். எங்கூட்டுக்காரரு மட்டும் போயிட்டு வந்தாரு. அவரு ஒரு வாயில்லாப் பூச்சி. சக்கரைப் பொங்கல் குடுத்து விட்டிருந்தான். மாட்டுக்குப் போட்டேன்.

வயிறு எரிஞ்சுதுங்கண்ணா. பொய் சொல்ல மாட்டேன். இப்பவும் எரியுது.

போனவன் சும்மா போவானா? நாலு தெரு தள்ளிக் கடை. அதே வேலை. நம்ம கடை நல்லா ஓடுனா அவனுக்குக் கண்ணு உறுத்தாதா? அதனால ஆடி அமாவாசைக்குக் காரமடைக்கு அக்கட்ட ஒரு பூசாரி இருக்காருன்னு சொன்னாங்க, போனேன். நான் வாயத் தெறக்கல. உக்காந்ததும் கேக்கறாரு: "உன்ற ஊட்டு ரத்தம் ஒண்ணு ஊட்ட விட்டு விலகிப் போயிருக்குது, தொழிலும் அதே தொழில், சரியா?"ன்னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நான் யாருகிட்டயும் மூச்சு விடல. வெளிய பூ விக்கற அம்மாகிட்ட மட்டும் கொஞ்சம் பொலம்பிட்டிருந்தேன், அதுவும் அவரோட சம்சாரம்தான், வெளியாளு இல்ல.

அவரு ஒரு செப்புத் தகடு குடுத்தாரு. மஞ்சத் துணில நாலு சுத்துச் சுத்தி, கயிறு கட்டி, வெரல் கனத்துக்கு ஒரு பொட்டணம். மிசினோட ஈசானி மூலைக் காலுக்கு அடில வெக்கணும், வெச்சது வெளிய தெரியக்கூடாது, வெச்ச கை எடுக்கக்கூடாதுன்னாரு. எங்கூட்டுக்காரரு கார் ஜாக்கி போட்டுத் தூக்கிப் புடிச்சாரு. என்னன்னு கேக்கல. நான் வெச்சேன். வெச்சுக் கும்புட்டுட்டு, இனி எவன் என்ன பண்ணுனாலும் இந்த மிசின அசைக்க முடியாதுன்னு தெம்பா இருந்தேன்.

அடுத்த நாளே கெளம்பிருச்சுங்கண்ணா வில்லங்கம்.

இந்தப் பக்கம் வெட்டுது. அந்தக் கோடில வெட்டல. எந்தக் கோடி? நான் காப்பு வெச்ச அதே மூலை. மிசினுக்கு நாலு மூலை இருக்குது, மத்த மூணையும் விட்டுட்டு நேரா அங்கதான் கை வெக்கறான். எவ்வளவு வெவரமானவனா இருந்தா அந்த மூலையப் பாத்து அடிப்பான்? நீங்களே சொல்லுங்க. காத்து கருப்புக்கு அத்தன வெவரம் பத்தாது. ஏவி விட்டவன் இந்த மிசின்ல வேலை பாத்தவனாத்தான் இருக்கணும்.

நானும் விடல. டேப்ப ஒட்டுனேன், பொட்டு சுட்டேன். இங்க நடுவுல விழுது, அங்க ஓரத்துக்கு ஓடிருது. ஸ்க்ரூவத் திருப்பித் திருப்பி, கண்ணு பூத்து, முதுகு ஒடிஞ்சு, ஒருவழியா ரெண்டையும் ஒண்ணாக் கொண்டாந்தேன். நானே பண்ணுனேனுங்க, யாரும் சொல்லிக் குடுக்கல. நல்லா வெட்டுச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா மறுபடியும் ஓடிருச்சு. மறுபடி திருப்புனேன். மறுபடி ஓடுது. கண்ணாடியத் தொடச்சேன், லென்ஸத் தொடச்சேன், பெல்ட்டப் பாத்தேன், டியூபுக்குத் தண்ணி போற கொழாயக்கூட மாத்துனேன். கொஞ்சங் கொஞ்சமா, தெனம் கொஞ்சங் கொஞ்சமா ஓடுது. உள்ள உக்காந்து எவனோ தெனமும் ஒரு நூல் அழுத்தற மாதிரி.

பூசாரிகிட்ட மறுபடி போனேன். எதிராளி பலமானவன்னாரு. இதவிடக் கொஞ்சம் பெருசா இன்னொரு பொட்டணம் குடுத்தாரு. அதே காலு, மொதப் பொட்டணத்துக்கு மேலயே வெச்சாச்சு. அன்னிக்குத்தான் மிசின் ஒரு மாதிரி முனகுச்சு. சாமி எறங்குதுன்னு நெனச்சேன்.

இதுக்கு நடுவுல ஆவணில அந்தக் கல்யாண ஆர்டர். இதத்தான் நீங்க முக்கியமாக் கேக்கணும்.

பெரிய எடம். மேடைக்கு மாப்பிள்ள பேரும் பொண்ணு பேரும், ஆள் ஒசரத்துக்குப் பலகைல வெட்டித் தங்கக் கலர் அடிக்கணும். பொண்ணு பேரு கவிஸ்ரீ. மாப்பிள்ள பேரு நல்லா விழுந்துச்சு. ‘கவி’யும் விழுந்துச்சு. ‘ஸ்ரீ’ அந்தக் கோடில வந்துச்சா, பாதிக்கு மேல கதிர் எறங்கல. நேரமில்ல. நான் கத்திய விட்டு நெம்பி எடுத்தேன். கீழ லேசா விரிசல். கலர் அடிச்சா தெரியாதுன்னு அடிச்சேன். தெரியலதான். மேடைல நிக்க வெச்சுட்டு நான் முன்வரிசைல பெருமையா உக்காந்திருக்கேன். மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சு எல்லாரும் மேடையப் பாக்கறாங்க, ‘ஸ்ரீ’ அப்பிடியே மடங்கித் தொபுக்குனு கீழ விழுந்துச்சுங்கண்ணா.

பொண்ணோட அப்பா என்னையக் கூப்புட்டு மேடைக்குக் கீழ நிக்க வெச்சாரு. "கல்யாணத்தன்னிக்கு ஸ்ரீய ஒடச்சுப் போட்டயேம்மா, லட்சுமியே விழுந்துட்டாளே"ன்னு கேக்கறாரு. நம்ம சொந்தக்காரங்க பாதிப்பேரு அங்க இருக்காங்க. எல்லாரும் பாக்கறாங்க. பட்டுச்சேலையக் கட்டிட்டு, தலை நெறையப் பூவோட, திருட்டுக் கோழி புடிச்சவ மாதிரி நிக்கறேன்.

அப்பப் பாத்து எங்கிருந்தோ வர்றான் மோகனு. அவனுக்கும் பத்திரிகை வெச்சிருந்தாங்க போல. நேரா வந்து அந்தப் பெரியவரு முன்னாடி கையக் கட்டிட்டு, "அண்ணி மேல தப்பில்லீங்க ஐயா, பலகை சரியில்லாதது. ஒரு மணி நேரம் குடுங்க, நான் வெட்டிக் கொண்டாறேன்"ங்கறான். வண்டிய எடுத்துட்டுப் போனான். கொண்டாந்தான். ஏணி மேல ஏறி அவனே ஒட்டுனான். வெள்ளை வேட்டி சட்டையெல்லாம் தங்கக் கலரு. பெரியவரு அவன் முதுகத் தட்டிக் குடுத்து, சாப்புட்டுட்டுத்தான் போகணும்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு.

புரியுதுங்களா? கெடுக்கறதும் அவன்தான், வந்து காப்பாத்தற மாதிரி நடிக்கறதும் அவன்தான். அந்த ஒரு மணி நேரம் நான் அங்கயே நின்னேன். அன்னிக்கு முடிவு பண்ணுனேன். என்னைய மண்டபத்துல நிக்க வெச்சயில்ல மோகனு, நீ மாலையோட மண்டபத்துல எப்படி நிக்கறயின்னு நானும் பாக்கறேன்னு. அது கோவத்துல நெனச்சது, அதப் பெருசா எடுத்துக்காதீங்க. ஆனா நெனச்சேன். தெனமும் குளிச்சுட்டு வெளக்குப் பொருத்தறப்ப நெனச்சேன்.

அதுக்கப்பறம் அவனப் பத்தி விசாரிக்க ஒரு குடும்பம் வந்துச்சு. பெருந்துறைப் பக்கம். "நல்ல பையன் தானுங்க, ஆனா..."ன்னேன். அவ்வளவுதான். இன்னொரு குடும்பம், பொம்பளைங்க மட்டும் வந்தாங்க. அவங்ககிட்ட ‘ஆனா’கூடச் சொல்லல. காப்பி குடுத்துட்டு, "பொண்ணு கொஞ்சம் தைரியமானவளுங்களா?"ன்னு மட்டும் கேட்டேன். ஏனுங்கன்னாங்க. "இல்லீங்க, சும்மா கேட்டேன்"னேன். காப்பியப் பாதிலயே வெச்சுட்டுப் போனாங்க. ரெண்டு குடும்பத்தக் காப்பாத்தியிருக்கேன். யாரும் நன்றி சொல்லல, நானும் எதிர்பாக்கல.

இதெல்லாம் என்ற கற்பனைன்னு நெனச்சுறாதீங்க. மிசின் வித்த எடத்துலருந்து மெக்கானிக் ஒருத்தர வரவெச்சேன். படிச்ச பையன். கண்ணாடி மூணையும் பாத்தான், டேப்ப ஒட்டிச் சுட்டுப் பாத்தான். அப்பறம் எந்திரிச்சு மிசினச் சுத்தி ஒரு நடை நடந்தான். குனிஞ்சு ஒரு கண்ண மூடிட்டுப் பாத்தான். குதிகாலால தரையத் தட்டுனான். தட்டிட்டுச் சொல்றான்: "அக்கா, கண்ணாடில ஒண்ணுமில்ல. மிசின் நிக்கற இடம் சரியில்ல. அத மொதல்ல பாருங்க. அதப் பாக்காம நான் எத்தன தடவை அலைன்மென்ட் வெச்சாலும் நிக்காது."

இடம் சரியில்ல. அவன் வாயாலயே சொன்னானுங்கண்ணா. நான் ஒரு வார்த்த சொல்லிக் குடுக்கல. சாமி கும்புடுவானான்னுகூடத் தெரியல, நெத்தில ஒண்ணுமில்ல, அவனுக்கே தெரியுது. எனக்கு அழுகையே வந்துருச்சு. பாத்தீங்களா, மிசின் கம்பெனிக்காரனே சொல்றான்னு எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அந்தப் பையன் இன்னும் என்னமோ சொல்ல வந்தான், எனக்கு எல்லாம் தெரியுந்தம்பீன்னு கையக் காட்டி நிறுத்திட்டேன். அவனுக்கு எதுக்கு நம்ம குடும்ப வெவகாரம்? அன்னைக்கே பஸ் ஏறி மூணாவது பொட்டணம் வாங்கியாந்தேன்.

மூணாவது வெச்சப்பறம் இன்னும் உக்கிரமாயிருச்சு. அப்பத்தான் இந்தப் பேனா உருள்றது. மிசின் மேல எத வெச்சாலும் தானா நகருது. பேனா உருளுது, வட்டமா வெட்டுன அக்ரிலிக் உருளுது, அன்னிக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெச்சேன், அது அந்த மூலைலருந்து இந்த மூலைக்கு நடந்து வந்து எம் முன்னாடி விழுது. பட்டப்பகல்ல. கடைல ஆளு இருக்கறப்ப. யாரும் தொடல. இதுக்கு மேல என்னங்கண்ணா சாட்சி வேணும்?

சிரிக்கறீங்களா? இருமலா? தண்ணி குடிங்க.

கடைசியா நடந்ததச் சொல்றேன், அப்பறம் நீங்களே முடிவு பண்ணிக்கங்க. தீவாளிக்கு மொத வாரம். நான் கடைவீதிக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன். கடைக்குள்ள மோகன். எங்கூட்டுக்காரருதான் எனக்குத் தெரியாமக் கூப்புட்டிருக்காரு, வந்து ஒருக்காப் பாத்துட்டுப் போடான்னு. நான் வாசப்படில நின்னு பாக்கறேன். அவன் கண்ணாடியப் பாக்கல. டியூபப் பாக்கல. தரைல குப்புறப் படுத்துக் கெடக்கறான். கைய எங்க விட்டிருக்கான்? ஈசானி மூலைக் காலுக்கு அடில. நேரா, வேற எங்கயும் தேடாம, காப்பு வெச்ச எடத்துக்கே கை போயிருக்குது. வெளிய தெரியாம வெச்சதுங்கண்ணா. எங்க ரெண்டு பேரத் தவுத்து ஒருத்தருக்குந் தெரியாது. ஏவுனவனுக்குத்தானே தடுக்கறது எங்க இருக்குதுன்னு தெரியும்?

"அண்ணி, காலுக்கு அடில என்னமோ கெடக்குது, அதுதான்..."ன்னான். தொட்டயின்னா கைய ஒடிச்சுருவேன்னேன். எந்திரிச்சுட்டான். முட்டியெல்லாம் தூசி. அன்னிக்குக் கேட்டேன் பாருங்க, இத்தன நாள் அடக்கி வெச்சிருந்ததெல்லாம் கேட்டேன். சோறு போட்ட கைக்கு மண்ணள்ளிப் போட்டயேடான்னேன். உனக்கு எப்படிக் கல்யாணம் ஆகுதுன்னு பாக்கறேன்டான்னேன். பெருந்துறைக்காரங்க ஏன் வரலைன்னு தெரியுமா, நாந்தான்டான்னேன். அதையும் சொல்லிட்டேன். தெரியட்டும்னுதான் சொன்னேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. அதப் பாத்ததும் எனக்கு மனசுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சுங்கண்ணா. ராத்திரி சோறு எறங்கல, அது வேற.

அவ்வளவுதானுங்க கதை. இப்பப் புரிஞ்சுதுங்களா ‘ஆனா’ன்னா என்னன்னு? இப்படிப்பட்டவனுக்கா பொண்ணக் குடுக்கப் போறீங்க?

என்ன கேக்கறீங்க? குடியா? சேச்சே, அதெல்லாம் தொட மாட்டான். நான் வளத்த பையன். பீடி சிகரெட்டும் கெடையாது. பொம்பளை சமாச்சாரமா? நல்லாக் கேட்டீங்க போங்க. கடைக்கு வர்ற பொண்ணுகள நிமிந்து பாத்துப் பேசத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குக் கோயில் கோயிலா வெளக்குப் போடறேன்?

திருப்பி என்ன சொன்னான்னா? எப்ப?

நான் அத்தன கேட்டப்பவா? திருப்பி என்ன சொல்லுவான். தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னான். நான் பேசி முடிச்சு மூச்சு வாங்கறப்ப, "சரிங்கண்ணி, தண்ணி குடிங்க"ன்னான். சொம்ப எடுத்து வெச்சுட்டுப் போயிட்டான். அதுக்கு முன்னாடியா? அதுக்கு முன்னாடியும் அப்பிடித்தான். எதுத்துப் பேசித் தெரியாது அவனுக்கு. அதுதான் சொல்றனே, அமுக்குணி. உள்ளயே வெச்சிருப்பான்.

என்னங்கண்ணா எந்திரிச்சுட்டீங்க? அங்க ஏன் குனியறீங்க? அந்தக் கால்கிட்டப் போகாதீங்க. பாக்கறது மட்டும்னா பாத்துக்கங்க, கை வெக்காதீங்க.

ஆமா, மூணும் ஒண்ணு மேல ஒண்ணு. ஆமா, துணி நல்லா அமுங்கித்தான் போச்சு. அவன் ஏவறது அத்தனையும் அது வாங்கிக்குதில்ல. எடுக்கறதா? ஏனுங்கண்ணா, அது ஒண்ணுதான் இந்த மட்டுக்காவது மிசினக் காப்பாத்திட்டிருக்குது, அத எடுத்துட்டு நான் என்ன பண்றது? அந்த மெக்கானிக் பையன் சொன்னது சரிதான்ங்கறீங்களா? அப்பிடிச் சொல்லுங்க. உங்கள மாதிரி நாலு எடம் பாத்தவங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

மோகனோட நம்பரா? தாராளமா எழுதிக்கங்க. நேர்லயே மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லிருங்க, அதுதான் மரியாதை. இங்கயே பேசறீங்களா? பேசுங்க, பேசுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

...

என்ன சொன்னீங்க அவன்கிட்ட?

ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வரச் சொன்னீங்களா? எங்கிட்ட இத்தன நேரம் கேட்டுட்டு? அத்தனையும் சொன்னனே, ஒண்ணு விடாமச் சொன்னனே. ஒண்ணு விடாமக் கேட்டதுனாலதான் கூப்புட்டேன்ங்கறீங்க. இது என்ன நியாயம்? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? உள்ளதத்தானே சொன்னேன்.

அவன் என்ன சொன்னான்? இல்ல, போன்ல ஒடனே ஒத்துக்கிட்டானா? அண்ணியக் கேட்டுட்டுச் சொல்றேன்னானா? யாரக் கேட்டுட்டு?

...

சிரிக்காதீங்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. அவன் என்னையக் கேக்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். வர மாட்டேன். ஞாயித்துக்கெழமை எனக்குக் கடை இருக்குது. தலைவலி இருக்குது. அண்ணனும் தம்பியும் ரெண்டு ஆம்பளைங்க மட்டும் வந்து வெத்தலை பாக்கத் தட்டுல வெச்சுட்டு, என்ன பேசறதுன்னு தெரியாம முழிச்சுட்டு நிக்கட்டும். அந்தப் பொண்ணுகிட்ட நிமிந்து ஒரு வார்த்த பேசத் தெரியாது அவனுக்கு. வேர்த்துக் கொட்டும். நாந்தான் பக்கத்துல உக்காந்து... நல்லா வேணும் அவனுக்கு.

நில்லுங்கண்ணா, செருப்ப அப்பறம் போட்டுக்கலாம். நீங்கபாட்டுக்கு வந்தீங்க, அத்தனையும் கேட்டீங்க, போறீங்க. பொண்ணு என்ன படிச்சிருக்குது? எந்த ஊரு? அக்கம்பக்கத்துல ஆரு இருக்காங்க? கோவக்காரியா, சாதுவா? அவனப் போட்டு மெரட்டற பொண்ணா இருந்தா நாளைக்கு யாரு கேக்கறது?

ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? பையன் ஊட்டுக்காரங்க நாங்க விசாரிக்க வேண்டாமா? அட்ரஸச் சொல்லிட்டுப் போங்க.